அடைப்பு இல்லை, புடைப்பு

அப்பாவுக்குப் பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வயிற்று ஸ்கேன் எடுத்தோம். கல் இல்லை. ஆனால் அறிக்கையின் கடைசியில் ஒரு வரி: 'இன்ஃப்ராரீனல் அயோர்ட்டிக் அனியூரிசம், 4.1 செ.மீ.'

மருத்துவரைப் பார்க்க இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் வீட்டில் ஆளுக்கொரு அர்த்தம். அம்மா 'கட்டி' என்று முடிவுகட்டி அழுதார். சித்தப்பா, "அடைப்புதான், ஸ்டென்ட் வெச்சா சரியாயிடும்" என்றார். நான் தேடிப் பார்த்தேன். மூளையில் ரத்தக்குழாய் வெடிப்பதைப் பற்றியே வந்தது. மூடி வைத்துவிட்டேன்.

மருத்துவர் அறிக்கையின் பின்பக்கம் இரண்டு கோடு இழுத்து, நடுவில் மட்டும் இருபுறமும் வயிறு வைத்தார். "பழைய சைக்கிள் டியூப் ஒரு இடத்துல மட்டும் உப்பி நிக்கும் பாருங்க, அதுதான்." சுவர் பலவீனமான இடத்தில் ரத்தத்தின் அழுத்தம் தாங்காமல் தமனி புடைப்பதுதான் அனியூரிசம். கட்டியும் இல்லை, அடைப்பும் இல்லை. தமிழில் 'தமனி வீக்கம்' என்று எழுதுகிறார்கள். எனக்கென்னவோ 'புடைப்பு'தான் சரியாகப் படுகிறது. வீக்கம் என்றால் மாத்திரை போட்டால் வற்றிவிடும் என்று தோன்றும். இது வற்றாது.

அயோர்ட்டா என்பது பெருந்தமனி, இன்ஃப்ராரீனல் என்றால் சிறுநீரகத் தமனிகள் பிரியும் இடத்துக்குக் கீழே. வயிற்றில் அதன் அகலம் சுமார் 2 செ.மீ. இருக்கும்; 3 செ.மீ. ஆகிவிட்டால் இந்தப் பெயர். ஆண்களுக்கு 5.5 செ.மீ.யை எட்டினால் பொதுவாக அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். அதுவரை அவ்வப்போது ஸ்கேன், ரத்த அழுத்தக் கட்டுப்பாடு. திடீரென வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி வந்தால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது, அது வெடிப்பின் அறிகுறியாக இருக்கலாம்.

"சிகரெட்?" என்று கேட்டார். "விட்டுட்டேன்" என்றார் அப்பா. அம்மா அவரைப் பார்த்த பார்வையில் மருத்துவருக்கே பதில் கிடைத்துவிட்டது.

ஐன்ஸ்டைனுக்கும் இதேதான் என்று அப்புறம் படித்தேன். 1948-இல் புடைப்பைச் சுற்றி செலோபேன் தாள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்; 1955-இல் வெடித்தபோது அறுவை சிகிச்சை வேண்டாம் என்றுவிட்டார். அப்பாவிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

அடுத்த ஸ்கேனிலும் 4.1-தான். யாராவது விசாரித்தால், "குழாய் கொஞ்சம் பெருத்திருக்கு, அளந்துகிட்டு இருக்கோம்" என்கிறார் அப்பா.