சன்மைக்கா ஒட்டுன பெட்டி தான் நம்ம ஒரிஜினல்

ஆர்கேட் மெஷின், அதாவது காசு போட்டு ஆடுற வீடியோ கேம் பெட்டி, அத ரெஸ்டோர் பண்றதுன்னு தேடுனா வர்ற வீடியோ எல்லாமே அமெரிக்காகாரன் கராஜ்ல நடக்குது. சைடு ஸ்டிக்கர், விளிம்புல தட்டி ஏத்துற பிளாஸ்டிக் பீடிங், கண்ணாடில வர்ற பேர்ப்பலகைன்னு எல்லாத்தையும் ஆர்டர் போட்டா அச்சு அசல் அப்படியே வீட்டுக்கு வந்துடும் அவனுக்கு. நம்ம மெட்ராஸ் வீடியோ கேம் கடைல நின்ன பெட்டிக்கு இதுல ஒண்ணு கூட செட் ஆகாது, ஏன்னா அது எந்த கம்பெனிலயும் பொறந்தது இல்ல. லோக்கல் ஆசாரி ப்ளைவுட்ல அடிச்சு மேல சன்மைக்கா ஒட்டி, உள்ள ஒரு கலர் டிவி டியூப்ப படுக்கவாட்டுல சாச்சு வச்சு, எங்கேயோ வாங்குன டூப்ளிகேட் கேம் போர்ட மாட்டி விட்டது தான் அது. அதனால நான் ஆரம்பத்துலயே ஒரு முடிவு எடுத்துட்டேன், எனக்கு கிடைச்ச பெட்டிய ஜப்பான் மெஷின் மாதிரி ஆக்கப் போறதில்ல, வியாசர்பாடி கடைல எப்படி நின்னுச்சோ அப்படியே கொண்டு வரணும்.

பெட்டி கிடைச்சது வேளச்சேரில, தெரிஞ்சவர் வீட்டு கார் ஷெட்ல. கடைய மூடுனப்ப அவரு மாமா கொண்டாந்து போட்டதாம். 2015 டிசம்பர் வெள்ளத்துல முட்டி அளவுக்கு தண்ணில நின்னுருக்கு, அப்புறம் கரையான் வந்து மிச்சத்த பாத்துக்கிச்சு. கீழ் ப்ளைவுட்ட விரலால தட்டுனா மாவு மாதிரி கொட்டுது. ஆனா டியூப், போர்டு, வயரிங் எல்லாம் இடுப்புக்கு மேல, அதனால தப்பிச்சுது.

மர வேலைய சுருக்கமா சொல்லிடறேன். அடில ஊறிப் போன பாகத்த மட்டும் நேரா அறுத்து எடுத்துட்டு, உள் பக்கமா ரீப்பர் கொடுத்து மெரைன் ப்ளை ஜாயின்ட் போட்டோம், கரையான் மருந்து ரெண்டு கோட். ஆசாரி "தம்பி, மொத்தமா புதுசாவே அடிச்சுத் தந்துடறேனே, காசும் கம்மி"ன்னாரு. நியாயமான பேச்சு தான், ஆனா கன்ட்ரோல் பேனல் பக்கம் சன்மைக்கால பசங்க மணிக்கட்டு தேஞ்சு தேஞ்சு டிசைனே அழிஞ்சு வெள்ளையா ஒரு திட்டு இருக்கு, அத எந்த ஆசாரி அடிச்சுத் தருவாரு?

இப்ப டியூப் கதை. யார் கிட்ட சொன்னாலும் மொத அட்வைஸ், டியூப்ப தூக்கிப் போட்டுட்டு எல்இடி மானிட்டர் வச்சு ராஸ்பெர்ரி பைன்னு ஒரு குட்டி கம்ப்யூட்டர சொருவு, ஆயிரம் கேம் வரும். வரும்ப்பா, போன்ல கூட தான் வரும். அந்தக் காலத்து கேம் போர்டு எல்லாம் கிட்டத்தட்ட 15.7 கிலோஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 15,700 கோடு கணக்குல படம் அனுப்பும், நம்ம ஊரு PAL முறை டிவி ஓடுறது 15.625, ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருக்கறதால தான் நம்மாளுங்க டிவி டியூப்லயே காரியத்த முடிச்சிருக்காங்க. டிவி செகண்டுக்கு 50 தடவை படம் வரையும், கேம் கிட்டத்தட்ட 60, அதனால படம் உருளாம நிறுத்துற வெர்டிகல் ஹோல்டையும் ஹைட்டையும் கொஞ்சம் திருகி விடணும் அவ்ளோதான். சிவப்பு, பச்சை, நீலம் மூணும் தனித்தனி வயரா போர்டுலருந்து வருது, ஆனா டிவி சர்க்கியூட் எதிர்பாக்கறத விட வோல்டேஜ் ஜாஸ்தி, அதுக்கு நடுவுல ஒரு குட்டி கார்டுல திருகி அளவு மாத்துற மூணு ப்ரீசெட் வச்சு கொறச்சிருந்தாரு யாரோ ஒரு மெக்கானிக். பேர் ஊர் தெரியாத மனுஷன், ஆனா ஈயம் பத்த வச்ச அழகப் பாத்தா கைய எடுத்துக் கும்பிடலாம்.

இத நீங்களும் பண்றதா இருந்தா ஒரு விஷயம் சீரியஸா. பிக்சர் டியூப் ஆனோடுல, அதாவது டியூப் மேல ரப்பர் கப்பு மூடிருக்கற இடத்துல, 20,000 வோல்ட்டுக்கு மேல ஓடும், ப்ளக்க புடுங்கி ரொம்ப நேரம் ஆனாலும் உள்ள சார்ஜ் நிக்கும். டியூப் முதுகுல ஓடுற பின்னல் எர்த் வயர்ல ஒரு வயரக் கட்டி, இன்னொரு முனைய நல்ல ஸ்க்ரூடிரைவர் கம்பில கட்டி, அந்த ரப்பர் கப்புக்கு அடில மெதுவா நுழைச்சு டிஸ்சார்ஜ் பண்ணணும். ஒரு கை தான் வேல செய்யணும், இன்னொரு கை பாக்கெட்ல. நான் இதுக்குன்னே ஒரு பழைய டிவி மெக்கானிக் அண்ணன கூட வச்சுக்கிட்டேன். டப்புன்னு ஒரு சத்தம், அம்மா கிச்சன்லருந்து "டேய் என்னடா பண்ற"ன்னாங்க. அண்ணன் சிரிச்சுட்டு "ஒண்ணுமில்லம்மா, தம்பிக்கு வித்தை காட்டறேன்"னாரு.

பழைய டிவி சேஸிஸ்ல இன்னொரு வில்லங்கம், சிலதுல கிரவுண்டே மெயின்ஸோட தொடர்புல இருக்கும். அதோட கேம் போர்டு கிரவுண்ட சேத்தா போர்டும் காலி ஆளும் காலி. அதுக்குத்தான் பெட்டிக்குள்ள மெயின்ஸோட நேரடித் தொடர்ப பிரிச்சு விடற ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வச்சிருந்தாங்க, துருப்பிடிச்சு இருந்துச்சு, காயில் கட்டுற கடைல குடுத்து புதுசா சுத்தி வாங்கிட்டேன். ஊதிப் போன கண்டென்சருக்கு பதில் புதுசு எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்ல, நம்ம எலக்ட்ரானிக்ஸ் கடைத் தெருல வாங்குனது, அங்க போனா லிஸ்ட்ல இருக்கறத விட இல்லாதத தான் நிறைய வாங்கிட்டு வருவோம்.

போர்டு என்னன்னு கேக்கலயே. 1993ல கேப்காம் விட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ். அந்தப் பேர நம்ம தெருவுல ஒருத்தன் சொல்லி கேட்டதில்ல, முஸ்தஃபா கேம்னா தான் தெரியும், மஞ்சத் தொப்பிக்காரன். என்னோடது டூப்ளிகேட் போர்டு, அதுல ஒரு தமாஷ் இருக்கு. ஒரிஜினல்ல க்யூசவுண்ட்னு ஒரு சவுண்டு சிஸ்டம், அந்த சவுண்டு ப்ரோக்ராம பூட்டி வச்சு அந்த சாவிய ஒரு பேட்டரி தயவுல வச்சிருப்பான், பேட்டரி செத்தா சாவி போச்சு. டூப்ளிகேட் அடிச்சவன் அந்த தலைவலியே வேணாம்னு PICனு ஒரு சாதா கன்ட்ரோலர் சிப்பும் OKI கம்பெனி சவுண்டு சிப்பும் போட்டுட்டான். சவுண்டு கரகரன்னு தான் வரும், ஆனா சாகறதுக்கு பேட்டரியே இல்ல. அந்த கரகரப்பு தான் எங்க காதுக்கு முஸ்தஃபா.

போர்டு மொதல்ல ஸ்டார்ட் ஆகி ஆகி ரீசெட் ஆச்சு. கரண்ட் குடுக்கற எஸ்எம்பிஎஸ் பெட்டி கிட்ட மீட்டர் வச்சா 5 வோல்ட் சரியா இருக்கு, போர்டு கனெக்டர்ல வச்சா 4.6. போர்ட பெட்டியோட இணைக்கற ஜாமா கனெக்டர்ல 56 பின், அதுல 5 வோல்ட் வர்ற பின் கருப்படிச்சுப் போய் கெடந்துச்சு. போர்டு பக்க செம்புப் பட்டைய ஸ்கூல் பசங்க ரப்பரால தேச்சு, வயர கொஞ்சம் தடிமனா மாத்துனதும் ரீசெட் ஆகறது நின்னுருச்சு.

கடைசியா காயின் ஸ்லாட். அது பழைய பெரிய ஒரு ரூபாய்க்கு அளவெடுத்தது, 25 மில்லிமீட்டர். 2011ல வந்த ஒரு ரூபா 22 தான், போட்டா சல்லுன்னு கீழ தட்டுல வந்து விழுந்துடுது. ஸ்லாட்ட மாத்திக்கோ, இல்ல ஒரு பட்டன் வச்சுக்கோன்னு தங்கச்சி பையன் நச்சரிக்கறான். மாத்த மாட்டேன். முக்கு மளிகைக் கடை அண்ணாச்சி கிட்ட பழைய ரூபா வந்தா தனியா எடுத்து வைங்கன்னு சொல்லிருக்கேன், "அத வச்சு என்ன தம்பி பண்ணப் போற"ன்னு சந்தேகமா பாக்கறாரு, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்கன்னு கூப்ட்டுருக்கேன்.