மீன்கொத்தியைப் படமெடுத்த கேமராவோடு ஒரு கல்யாண விருந்து

சித்தப்பா கேட்டது ரொட்டி சானாய்க் கடையில் வைத்து. "தம்பி, தங்கச்சி கல்யாணத்துக்குக் காலையில கோயில்ல தாலிகட்டுக்குப் படக்காரர் வராரு. மத்தியானத்தோட கிளம்பிடுவாரு. ராத்திரி விருந்துக்கு நீயே எடுத்துடேன். உன்கிட்டதான் பெரிய லென்ஸ் இருக்கே."

பெரிய லென்ஸ் இருப்பது உண்மைதான். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் 70-300. ஆனால் ஆறு வருடமாக நான் அதை வைத்து எடுத்ததெல்லாம் இங்கே மலேசியாவில், கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் மீன்கொத்தி, கொக்கு, நாரை. அப்புறம் எங்கள் தோட்டத்துக் கூகை. செம்பனைக் காட்டில் எலியை ஒழிக்கக் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்துக் கூகை வளர்ப்பார்கள். அதிலிருந்து தலையை நீட்டும் குஞ்சுக்காக ஒரு மாலை முழுவதும் கொசுக்கடியில் உட்கார்ந்திருக்கிறேன். மனிதர்களைக் காசு கொடுத்தாலும் எடுத்ததில்லை. ஃபிளாஷ் தொட்டதே இல்லை. கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகு ஏறினால் ஃபிளாஷ் போடாதே என்பதுதான் முதல் பேச்சு. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன் நான். இருந்தாலும் சித்தப்பாவிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ரொட்டிக்கும் அவர்தான் காசு கொடுத்தார்.

அழைப்பிதழில் ஊர் பெஸ்தாரி ஜெயா. 2007இலேயே பெயர் மாறிவிட்டது, ஆனால் சித்தப்பா வயதுக்காரர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். மண்டபம், எல்லாத் தோட்டத்து ஊரிலும் இருப்பதைப் போன்ற பொது மண்டபம். வார நாளில் பூப்பந்து, சனிக்கிழமை கல்யாணம். ஒரு வாரம் முன்னதாகப் புதன்கிழமை இரவு கேமராவோடு போய்ப் பார்த்தேன். பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பறவைக்கு வைக்கும் பழக்கத்தில் ஷட்டர் வேகத்தை 1/250 நொடி வைத்துத் தொடர்ச்சியாக அழுத்தினால், ஒரு படம் வெளிச்சம், அடுத்தது மங்கல், மூன்றாவதில் பாதிப் படம் மட்டும் பழுப்பு. கேமராதான் கெட்டுவிட்டதென்று பயந்துபோனேன்.

கெட்டது கேமரா இல்லை, மேலே இருந்த குழல் விளக்கு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் அந்த விளக்கு ஒரு நொடிக்கு நூறு முறை ஏறி இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். 1/100 நொடி வைத்தால் ஒரு முழு ஏற்ற இறக்கமும் படத்துக்குள் விழுந்துவிடும். எல்லாப் படமும் ஒரே வெளிச்சத்தில் வரும். வைத்துப் பார்த்தேன், வந்தது. மட்டை வீசும் கை மட்டும் கலங்கித் தெரிந்தது. விருந்துக்கு வருகிறவர்கள் யாரும் ஸ்மாஷ் அடிக்கப் போவதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

என்னிடம் இருப்பது நிக்கான் டி7200. பழைய கேமராதான், ஆனால் இரண்டு கார்டு போடும் இடம் உண்டு. ஒரே படம் இரண்டிலும் விழுகிற மாதிரி வைத்துவிட்டேன். கூகை நாளைக்கும் வரும், கல்யாணம் வராது. அதோடு கிட்டே நின்று எடுக்க 18-140 லென்ஸ் ஒன்று. நான் லோரி எடை போடும் எண்ணெய் ஆலையில், ஆய்வுக்கூடத்து நண்பர் ஒரு 50 லென்ஸையும் நான்கு டபுள் ஏ பேட்டரி போடும் ஃபிளாஷ் ஒன்றையும் இரவல் கொடுத்தார். "முகத்துக்கு நேரா அடிக்காதே, மேல கூரையில அடி, வெளிச்சம் மெதுவா இறங்கும்" என்றார். நல்ல யோசனை. அவர் வீட்டு வரவேற்பறையில் அருமையாக வேலை செய்தது.

சனிக்கிழமை ஆறு மணிக்கு மண்டபத்துக்குள் நுழைந்தேன். ஒத்திகை பார்த்தது ஒரு மண்டபம், எடுக்க வந்தது வேறு மண்டபம். சுவரெல்லாம் வெள்ளைத் துணி தொங்குகிறது. மேடையைச் சுற்றி ஊதாவும் இளஞ்சிவப்புமாக எல்இடி விளக்குகள். குழல் விளக்கில் பாதியை அணைத்துவிட்டார்கள். மாறாமல் இருந்தது தரையில் இருந்த பூப்பந்துக் கோடு மட்டும்தான்.

அட்டையில் ஏழு மணி. பொண்ணு மாப்பிள்ளை வாசலுக்கு வந்தபோது எட்டே முக்கால். உறுமி அடிக்க ஆரம்பித்ததும் நான் மேடைக்குக் கீழே 70-300ஐ மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். கிட்டே போகாதே, அசையாதே, தானாக வரும் என்பது பறவைக் கணக்கு. வந்தது என்ன தெரியுமா? நடுப்பாதை முழுக்க நீட்டிய கைப்பேசிகள். என் லென்ஸில் தெரிந்ததெல்லாம் யாரோ ஒரு மாமாவின் கைப்பேசித் திரையில் என் தங்கச்சி. அவசரமாக 18-140க்கு மாறி, கூட்டத்துக்குள் புகுந்து, பின்னாலேயே நடந்துகொண்டு எடுத்தேன்.

அங்கேதான் பெரிய சறுக்கல். வாசலில் உறுமி உச்சத்துக்குப் போனபோது தங்கச்சி நின்றாள். அடிப்பவரிடம் கையை நீட்டிக் குச்சியை வாங்கினாள். பட்டுச் சேலை, கழுத்து நிறைய நகை, தலையில் முழம் முழமாக மல்லிகை. அத்தனையோடும் குனிந்து நாலு அடி அடித்தாள். மண்டபமே விசில். நான் அழுத்தினேன். ஃபிளாஷ் எரியவில்லை. மறுபடி அழுத்தினேன், எரியவில்லை. மூன்றாவது முறை எரிந்தபோது குச்சி உறுமிக்காரர் கையில் இருந்தது. என்னிடம் இருப்பது கரி பூசின மாதிரி இரண்டு படம்.

ஏன் என்று அன்றிரவு யோசிக்க நேரம் இல்லை, பிறகுதான் புரிந்தது. நண்பர் வீட்டுக் கூரை கைக்கு எட்டும் உயரம், வெள்ளைச் சாயம். மண்டபத்துக் கூரையோ பூப்பந்து உயரப் பறப்பதற்காகக் கட்டியது, அதுவும் வெறும் தகரம். வெளிச்சம் போகும் தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேர்வது கால் பங்குதான். மேலே போய்க் கீழே வருவதற்குள் ஒன்றும் மிச்சமில்லை. அதனால் ஃபிளாஷ் ஒவ்வொரு தடவையும் முழுப் பலத்தையும் கொட்டியது. கொட்டி முடித்த ஃபிளாஷ், பேட்டரியிலிருந்து மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நொடி கேட்கும். தங்கச்சி அடித்தது அந்த இரண்டு மூன்று நொடிக்குள்.

தீர்வை நானே யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் பேட்டரி மாற்றும்போது ஃபிளாஷின் தலை பக்கவாட்டில் திரும்பிவிட்டது. எரிகிறதா என்று சோதனைக்கு ஒரு தடவை அழுத்தினேன். பக்கத்து மேசையில் பசியாறக் காத்திருந்த ஒரு ஆயாவின் முகம் திரையில் வந்தது. சன்னல் ஓரம் உட்கார்ந்தவரைப் போல, ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னத்தில் மெல்லிய நிழல். சுவரில் தொங்கிய வெள்ளைத் துணி! ஐந்தாறு அடி தூரத்தில், மண்டபம் நீளத்துக்கு, சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நான் கூரையைப் பார்க்கவே இல்லை. ஃபிளாஷை எட்டில் ஒரு பங்குக்குக் குறைத்துத் துணியில் அடித்தேன். அடுத்தடுத்து அழுத்தினாலும் எரிந்தது. துணி ஓரமாகவே நான் நகர்ந்ததைப் பார்த்துவிட்டு ஒரு மச்சான், "என்ன மாப்ளே, கூச்சமா?" என்றார்.

மேடை மட்டும் வழிக்கு வரவில்லை. அங்கே துணி தூரம், ஊதா விளக்கு கிட்டே. கேமராவின் பின்திரையில் வெளிச்ச அளவு சரியாகத்தான் காட்டியது. முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கன்னத்தில் சதையே இல்லை, ஊதாத் தாளை ஒட்டி வைத்தது போல ஒரு திட்டு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது: நீலம் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது, பச்சை அடிமட்டத்தில் கிடக்கிறது. கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பில் எடுத்தால் நிறத்தை வீட்டில் போய்ச் சரிசெய்யலாம் என்பார்கள். குழல் விளக்கின் பச்சைச் சாயலை மாற்றலாம், சரி. விளக்கில் இல்லாத நிறத்தை எந்த மென்பொருள் கொண்டுவந்து தரும்?

மேடை ஓரம் போய் ஷட்டரை 1/250க்கு ஏற்றி, கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவைக் குறைத்து, ஃபிளாஷைக் கூட்டினேன். ஃபிளாஷ் ஒரு கணப் பொழுதில் அடித்து முடித்துவிடுவதால், இந்தக் கேமராவில் 1/250 வரை ஷட்டர் வேகம் அதைப் பாதிக்காது. சுற்றி இருக்கும் ஊதா மட்டும் அடங்கும். கொஞ்சம் அடங்கியது. ஒன்பதரைக்கு மேல்தான் தைரியம் வந்து அலங்காரம் செய்த தம்பியிடம், "முன்னாடி ரெண்டு லைட்ட மட்டும் வெள்ளையாக்க முடியுமா?" என்று கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து ரிமோட்டை எடுத்து இரண்டு பொத்தானை அழுத்தினார். பத்து நொடி. "முன்னமே கேட்டிருக்கலாமேண்ணே" என்றார். கேக் வெட்டு, மோதிரம், பெரியவர்கள் ஆசீர்வாதம் எல்லாம் அதற்குள் ஊதாவில் முடிந்திருந்தது.

குழுப்படத்தில் இன்னொரு பாடம். 50 லென்ஸின் துளையை எஃப் 1.8க்கு அகலத் திறந்து வைத்தால் பின்னணி கரைந்து அழகாக வரும் என்று முதலில் அதையே போட்டேன். ஆறேழு அடி தூரத்தில் அந்த அளவுக்குக் கூர்மையாக விழுவது நான்கு அங்குலம் சொச்ச ஆழம்தான். தங்கச்சியின் கண்மை இழை இழையாக வந்திருக்கிறது. அரை அடி பின்னால் நின்ற மாப்பிள்ளை தண்ணீருக்குள் நிற்கிறார். பறவை ஒன்றாக வரும், கண்ணைப் பிடித்தால் போதும். குடும்பம் அப்படி வராது. துளையைச் சுருக்கி எஃப் 5.6க்குப் போனேன். ஆளை வரிசைப்படுத்தும் வேலையை அத்தை எடுத்துக்கொண்டார். ஒலிவாங்கியே தேவைப்படாத குரல். "ஈஜோக் சின்னம்மா வீட்டுக்காரங்க எல்லாம் வாங்க! தட்டை வச்சிட்டு வாங்க!" யார் யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, யாரை யார் பக்கத்தில் நிறுத்தக்கூடாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இருபத்திரண்டு குழுப்படம், அரை மணி நேரம். நான் அழுத்தினேன், அவ்வளவுதான்.

நடுவில் வட்டாரப் பிரமுகர் ஒருவர் வந்து பொன்னாடை வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு மட்டும் நாற்பது படம் எடுத்திருக்கிறேன், பதற்றத்தில்.

சாப்பாடு ஆரம்பித்த பிறகு பறவைக்காரன் மறுபடி உயிர் பெற்றான். கேமராவைப் பார்த்ததும் மனிதர்கள் விறைத்து நின்று சிரிக்கிறார்கள். ஆனால் பிரியாணி முன்னால் இருக்கும்போது இரண்டு நிமிடத்துக்கு மேல் யாராலும் விறைப்பாக இருக்க முடியாது. ஒரு தூண் ஓரம் ஒண்டிக்கொண்டு, அசையாமல் 70-300ஐ நீட்டி உட்கார்ந்தேன். நான்கு வயதுப் பையன் ஒருவன் பண்டோங் என்னும் ரோஜாப் பால் பானக் கோப்பைக்குள் மூக்கு வரை முகத்தை விட்டிருந்தான். அவன் எப்படியும் தலையைத் தூக்குவான் என்று தெரியும். காத்திருந்தேன். தூக்கினான்: இளஞ்சிவப்பு மீசை, கண்ணில் ஒரு சந்தேகம், பெட்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் கூகைக் குஞ்சேதான். வாயில் வைத்து ஊட்டும்போதும் எலும்பு கடிக்கும்போதும் மட்டும் எடுக்கவில்லை. அதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை, எனக்கே அப்படி எடுத்த படம் ஒன்று குடும்பத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மொத்தம் 1,146 படம். ரா கோப்பாக 32 ஜிபி அளவுக்கு வந்தது. வேலை முடிந்து வந்து ஐந்து இரவு உட்கார்ந்து 230 ஆக்கினேன். மேடைப் படங்களில் தேறாததைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். நிறம் போனதும் முகம் திரும்பி வந்துவிட்டது, ஊதாத் திட்டு மட்டும் சிலவற்றில் வெளிறித் தெரிகிறது. ஆசீர்வாதப் படம் ஒன்றில் பின்னால் நிற்பவர்கள் காலடியில் பூப்பந்துக் கோடு நேர்க்கோடாக ஓடுகிறது. அழிக்கலாமா என்று நினைத்து, அப்படியே விட்டுவிட்டேன். எங்கள் ஊர் மண்டபம் என்று வேறு எப்படித் தெரியும்?

படங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கை, படத்தின் ஓரத்தை மட்டும் பிடிக்கிறது, நடுவில் விரல் படுவதில்லை. மாற்றாமல் விட்ட ஒரு ஊதாப் படத்தில் வந்ததும் நிறுத்தினார். "ஏண்டா, எல்லாருக்கும் நல்லாத்தானே எடுத்திருக்க. எம் மூஞ்சிய மட்டும் ஏன் கத்திரிக்கா மாதிரி ஆக்கிட்ட?"

தங்கச்சி உறுமிப் படத்தைக் கேட்டாள். இல்லை என்று சொன்னேன். "பரவால்லண்ணே, மாமா கைப்பேசியில வீடியோ இருக்கு" என்றாள். அதே மாமாதான், என் லென்ஸை மறைத்தவர்.

அடுத்த மாதம் அத்தை வீட்டில் பேத்திக்குச் சடங்கு. அதே மண்டபம். நான்தான் எடுக்க வேண்டுமாம். சரி என்றேன், மூன்று நிபந்தனையோடு. முன்னால் இரண்டு வெள்ளை விளக்கு வேண்டும். ஃபிளாஷுக்கு என் காசில் எட்டு புது பேட்டரி வாங்கியாகிவிட்டது, அதனால் இரவல் ஃபிளாஷ் இன்னொரு மாதம் என்னிடமே இருக்கும் என்று நண்பரிடம் அத்தை பேச வேண்டும். மேடைக்கு இடது பக்கமும் வெள்ளைத் துணி கட்ட வேண்டும்.

அத்தை முதல் இரண்டுக்கும் தலையாட்டினார். மூன்றாவதற்கு, "அங்க யாருமே உட்கார மாட்டாங்களேடா, அந்தத் துணிய யார் பார்க்கப் போறா?" என்கிறார். விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.