ஜல்லி கிடந்த மண்ணில் கத்தரி: இதுவரை

கொல்லைப்புறத்தில் கிட்டத்தட்ட ஒரு சென்ட் இடம். வீடு கட்டியபோது கொட்டிய ஜல்லி, காய்ந்த சிமென்ட் கலவை, அதன் மேல் பரப்பிய கிராவல். மழை பெய்தால் தண்ணீர் தேங்கும், வெயில் அடித்தால் கடப்பாறை இறங்காது. கத்தரி வைத்தால் முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும். சரி, கொஞ்ச நாள் செடியை மறந்துவிட்டு மண்ணைப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

சித்திரையில் கோடை மழை விழுந்ததும் பல தானிய விதைப்பு: பலவகை விதைகளைக் கலந்து விதைத்து, வளர்ந்ததும் அந்த மண்ணுக்கே உரமாக்குவது. ஏக்கருக்கு 20 கிலோ என்பார்கள். சென்ட்டுக்கு 200 கிராம்தான். கம்பு, சோளம், தினை, உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, கொத்தமல்லி, வெந்தயம், கடுகு, கூடவே பசுந்தாள் உரச் செடிகளான சணப்பும் தக்கைப்பூண்டும். பாதி சமையலறை டப்பாவிலேயே இருக்கும். கொத்துமல்லி விதையை மட்டும் இரண்டாக உடைத்துப் போட வேண்டும். முளைத்து வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா, "வயல் வைக்கிறீங்களா?" என்றார்.

இடையில் ஒரு தட்டைப்பயறு செடியை மண்ணோடு பெயர்த்து வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். உள்ளே இளஞ்சிவப்பு. அப்படி இருந்தால் முடிச்சிலுள்ள ரைசோபியம் என்ற பாக்டீரியா வேலை செய்கிறது, காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துக் கொடுக்கிறது என்று அர்த்தம். வெளுத்திருந்தால் முடிச்சு இருந்தும் பயனில்லை.

பூக்க ஆரம்பிக்கும் முன் எல்லாவற்றையும் அறுத்துவிட்டேன். பூத்தால் தண்டு நாராகிவிடும், சத்தும் விதைக்குப் போய்விடும். வயலில் மடக்கி உழுவார்கள். நான் தரையோடு அறுத்து அங்கேயே மூடாக்காக, அதாவது மண்ணுக்குப் போர்வையாகப் பரப்பினேன். வேர் உள்ளேயே மட்கினால் அது போன வழியில் தண்ணீரும் காற்றும் இறங்கும். கொத்திப் போட்டு அதைக் கெடுப்பானேன்?

மண்ணில் நுண்ணுயிர்களைப் பெருக்கும் கரைசலான ஜீவாமிர்தமும் ஊற்றினேன். 20 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ நாட்டு மாட்டுச் சாணம், ஒரு லிட்டர் கோமியம், வெல்லமும் கடலை மாவும் 200 கிராம் வீதம், ஒரு பிடி வரப்பு மண். நிழலில் இரண்டு நாள் வைத்துக் கலக்கிவிட்டால் போதும். ஆனால் என் கணிப்பில் இது உறைமோர் மாதிரிதான். மண்ணில் மட்குவதற்கு இலைதழை எதுவும் இல்லையென்றால் எத்தனை வாளி ஊற்றினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது.

ஆடியில் கத்தரி, வெண்டை நட்டேன். மூடாக்கை நாற்றின் தண்டோடு ஒட்டவிடாமல் நாலு விரல் தள்ளி வைத்தால் தண்டு அழுகாது. தண்ணீர் விடும் வேலை பாதியாகக் குறைந்தது. கத்தரி இப்போது இடுப்பளவு.

மண் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு எளிய வழி: காய்ந்த கட்டி ஒன்றை வலையில் வைத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். தொடக்கத்தில் எடுத்த கட்டி உடனே கரைந்து தண்ணீர் கலங்கிவிட்டது. இப்போது எடுப்பது வெகுநேரம் உடையாமல் நிற்கிறது. வேர்க் கசிவும் நுண்ணுயிர்ப் பசையும் பூஞ்சை இழையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன.

தொல்லையும் உண்டு. ஐப்பசி அடைமழையில் மூடாக்குக்கு அடியில் நத்தைகள் குவிந்துவிட்டன. ஈரச் சாக்கின் கீழ் பப்பாளி இலை போட்டு வைத்தால் காலையில் அங்கேயே பொறுக்கலாம். மழை நிற்கும்வரை மூடாக்கைக் கொஞ்சம் மெலிதாக்கிவிட்டேன்.

கத்தரி ஓய்ந்ததும் அடுத்த சுற்று பல தானியம். ஆமணக்கு மட்டும் கிடையாது. அறுக்கக் கை வலிக்கிறது.