வெள்ளைத் தொப்பி

ஜூலை 12, 2025, சனி

காலை ஆறரைக்கு கிக்-ஆஃப் என்றார்கள், வலை கட்டி முடிக்கவே ஏழு தாண்டிவிட்டது. வியாசர்பாடி வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறிவிட்டது. வெள்ளைத் தொப்பிக் கோச் இன்றைக்கும் வந்திருந்தார். வெளியே போன பந்தைக் கையால் எறிகிற த்ரோவில் வாங்கி எதிரணிப் பையன் கோல் போட்டான், உடனே என்னைப் பார்த்து “ரெஃப்ரி, ஆஃப்சைடு! கண்ணு தெரியலையா?” த்ரோவில் ஏது ஆஃப்சைடு? கோல் கிக்கிலும் கார்னரிலும் கூடக் கிடையாது. இத்தனை வருஷம் பசங்களைத் தயார் பண்ணுகிற மனுஷனுக்கு இது தெரியாதா? தெரிந்துதான் கத்துகிறார், இப்போதே கத்தி வைத்தால் அடுத்த சந்தேகமான ஃபவுல் அவர் பக்கம் விழும் என்று ஒரு கணக்கு.

விழாது.

ஜூலை 13, ஞாயிறு

முட்டி வீக்கம். ஐஸ்.

ஜூலை 15, செவ்வாய்

வாட்ஸ்அப்பில், ஹேண்ட்பாலுக்கு நான் கொடுத்த அந்தப் பெனால்டி வீடியோ திரும்பவும் வந்திருக்கிறது. பார்க்கவில்லை. சரி, பார்த்தேன். கோலுக்குப் பின்னாலிருந்து எடுத்தது, கை எங்கே இருந்தது என்று அதில் யாருக்குத் தெரியும்? கீழே முப்பது பேர் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள்.

ஜூலை 19, சனி

இதை எழுதாமல் தூக்கம் வராது. கீப்பர் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு 8 வினாடிக்கு மேல் நின்றால் எதிரணிக்குக் கார்னர், ஜூலை 1 முதல் புது விதி. முன்பு 6 வினாடி, இன்டைரக்ட் ஃப்ரீ கிக், ஆனால் அதற்கு விசில் ஊதினவர்களைத் தேடித்தான் பிடிக்கணும். இப்போது கடைசி 5 வினாடியைக் கையைத் தூக்கி விரல் விட்டு எண்ணிக் காட்ட வேண்டும். மேட்சுக்கு முன்னாலேயே இரண்டு கோச்சையும் கூப்பிட்டுச் சொன்னேன், இரண்டு பேரும் தலையாட்டினார்கள். இரண்டாம் பாதியில் எண்ணினேன், கீப்பர் பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றான், கார்னர் கொடுத்தேன்.

அந்தக் கீப்பரோட கோச், இஸ்திரிச் சட்டைக்காரர், கத்தவே இல்லை. மேட்ச் முடிந்ததும் பக்கத்தில் வந்து, “இதெல்லாம் டிவி மேட்சுக்கு சார், நம்ம பசங்களுக்கு எதுக்கு?” என்றார். சிரித்துக்கொண்டே. சுற்றி நின்ற அப்பா அம்மாக்கள் எல்லாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். வெள்ளைத் தொப்பியைச் சமாளித்துவிடலாம், 2019லிருந்து கோச்சுக்கும் கார்டு காட்டலாம், பெஞ்சில் யார் கத்தினது என்று தெரியாவிட்டால் அங்கே இருக்கிற பெரிய கோச் தலையில்தான் விழும். சார் போட்டு மரியாதையாகப் பேசுகிறவருக்கு எந்தக் கார்டைக் காட்டுவது?

பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவர்கள் கேப்டன் வந்தான், பதின்மூன்று வயசுதான் இருக்கும். “இதெல்லாம் டிவி மேட்சுக்கு சார்.” அதே குரல், அதே சிரிப்பு.

ஜூலை 20, ஞாயிறு

கார்டு கொடுத்திருந்தால் அறிக்கையில் எழுதலாம். கொடுக்கவில்லை. அந்தப் பையன் சொன்னதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஜூலை 23, புதன்

சாயங்காலம் நல்ல மழை. கிரவுண்டு குளம். அப்பாடா.

ஜூலை 25, வெள்ளி

நாளைக்கு அரையிறுதி எனக்கு. வெள்ளைத் தொப்பியும் இஸ்திரிச் சட்டையும் நேருக்கு நேர், யார் போட்ட அட்டவணையோ. முட்டி சரியில்லை என்று போன் பண்ணிவிடலாம், பொய்யும் இல்லை. “பெட்ரோலுக்கே பத்தாத காசு, அதுக்கு ஏச்சு வேற” என்கிறாள் அம்மா. பதில் சொல்லவில்லை. ஷூவைத் துடைத்து வைத்துவிட்டேன்.

ஜூலை 26, சனி

தொப்பிக்கு மஞ்சள். கோடு தாண்டி உள்ளேயே வந்துவிட்டார், அப்புறம் என்ன செய்ய? கார்டைப் பார்த்துக் கை தட்டினார். கையோடு இன்னொன்று கொடுத்திருந்தால் சிவப்பு. கொடுக்கவில்லை, அதற்கும் இஸ்திரிச் சட்டை பக்கத்தில் ஆயிரம் பேச்சு.

இடைவேளையில் அந்தக் கேப்டன் வந்தான். சரி, இன்றைக்கு என்ன வசனமோ என்று நின்றேன். “சார், அப்ப என்னைக் காலால அடிச்சப்ப விசில் ஊதாம அட்வான்டேஜ்னு ஆட்டத்தை விட்டீங்கல்ல, பந்து வெளிய போனப்புறம் திரும்பி வந்து அவனுக்கு மஞ்சள் காட்டினீங்க. அப்படிக் காட்டலாமா சார்?”

காட்டலாம்டா என்றேன். ஆபத்தான ஃபவுல் என்றால் காட்டியாகணும். சிவப்புக்கும் அப்படித்தானா என்று கேட்டான், அதற்குள் அவன் கோச் கூப்பிட்டுவிட்டார்.