கை நுழையாத நட்டுக்கு ஒரு பைப் துண்டு

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளையாகப் படியும். வீட்டு டேப்புகளை எல்லாம் தின்பது இந்தப் படிவுதான். கை கழுவும் பேசினில் இருந்த டேப், எவ்வளவு இறுக்கினாலும் சொட்டிக்கொண்டே இருந்தது. புது டேப் வாங்கி வந்துவிட்டேன். பழையதைக் கழற்றத்தான் முடியவில்லை.

டேப்பை அடியிலிருந்து பிடித்து நிறுத்தும் பேக் நட்டு, பேசினின் குழிவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒளிந்திருக்கிறது. கனெக்‌ஷன் ஹோஸை ஸ்பேனரால் கழற்றிவிடலாம். அதற்கு மேலே இருக்கும் நட்டில் ஸ்பேனரை மாட்ட முடிகிறது, திருப்ப இடம் இல்லை. இதற்கென்றே நீளக் கைப்பிடி வைத்த ரெஞ்ச் கடையில் கிடைக்கும். ஆனால் தென்னந்தோப்பு மூலையில் அவ்வளவு பைப் துண்டுகள் கிடக்கும்போது, நாமே ஒன்று செய்து பார்க்கலாமே என்று தோன்றியது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

முதல் வாரம் முழுக்கப் பைப்பை அடையாளம் கண்டுபிடிப்பதிலேயே போயிற்று. வெயிலில் கிடந்து எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. கையில் எடுத்ததை அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் என்று நானே கணக்குப் போட்டு, ஒரு துண்டைக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பார்த்த உடனே, "ஏனுங்க தம்பி, இது தோட்டத்துப் பைப்புங்க. வீட்டு ஃபிட்டிங் இதுக்குச் சேராதுங்க" என்றார். அவர் சொன்ன பிறகுதான் உட்கார்ந்து அளந்தேன். தோட்டத்து பிவிசி பைப் 20, 25, 32 மில்லிமீட்டர் என்று வெளி விட்டத்தில் வருகிறது. வீட்டுக்குப் போடும் யுபிவிசி அரை இஞ்ச் 21.3, முக்கால் 26.7, ஒரு இஞ்ச் 33.4. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், மாட்டினால் தொளதொளக்கும் அல்லது நுழையவே நுழையாது.

வெர்னியர் (விட்டத்தைத் துல்லியமாக அளக்கும் கருவி) இல்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு காகிதப் பட்டையைப் பைப்பில் சுற்றி, அது சேரும் இடத்தில் கோடு போட்டு, ஸ்கேலில் அளந்தால் சுற்றளவு வந்துவிடும். 63 மில்லிமீட்டர் வந்தால் தோட்டத்து 20, 67 வந்தால் வீட்டு அரை இஞ்ச். 78.5க்கும் 84க்கும் அதே கதை, 100.5க்கும் 105க்கும் அதே கதை. விட்டத்தில் ஒன்றரை மில்லிமீட்டராக இருக்கும் வித்தியாசம் சுற்றளவில் நாலு, ஐந்து மில்லிமீட்டராக விரிந்துவிடுவதால் சாதாரண ஸ்கேலே போதும். இந்த ஆறு அளவையும் ஒரு பழைய தையல் டேப்பில் மார்க்கரால் குறித்து டூல் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். நான் செய்ததிலேயே அதிகம் பயன்படுவது இதுதான்.

சரி, நட்டுக்கு வருகிறேன். அதே அளவில் புது நட்டு ஒன்று கடையில் வாங்கிக்கொண்டேன். முனைக்கு முனை 31 மில்லிமீட்டர். தோட்டத்து 32 பைப்பின் உள் விட்டம் 28க்குக் கொஞ்சம் மேல். பைப் முனையை இளக்கி நட்டின் மேல் அழுத்தினால், ஆறு முனையும் உள்ளே பதிந்து, நட்டைக் கவ்வித் திருப்ப ஒரு சாக்கெட் கிடைக்கும் என்பது யோசனை.

முதலில் ஸ்டவ் நெருப்பில் காட்டினேன். அதை யாரும் செய்ய வேண்டாம். ஒரு பக்கம் கருகுகிறது, மறுபக்கம் கல்லாக நிற்கிறது. கருகும் பிவிசியிலிருந்து வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும். மூக்கும் கண்ணும் அன்று மாலை வரை எரிந்தன. அம்மா அடுப்படியை விட்டே துரத்திவிட்டார், "சோறாக்குற எடத்துல இதயெல்லாம் கொண்டு வராத கண்ணு" என்று.

யோசித்துப் பார்த்தால் நெருப்பே தேவையில்லை. பிவிசி ஏறத்தாழ 80 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும், கொதிக்கும் தண்ணீரே தாராளம். இரண்டாம் வாரம் கொல்லையில் விறகடுப்பு மூட்டி, பழைய டின்னில் தண்ணீர் கொதிக்க வைத்து, பைப் முனையை ஐந்து நிமிடம் முக்கினேன். ரப்பர் மாதிரி ஆயிற்று. ஆனால் நட்டில் வைத்து அழுத்தியதும் பாதியில் இறுகி நின்றுவிட்டது. பித்தளை நட்டு குளிர்ந்திருந்ததால் பைப்பின் சூட்டை அது உறிஞ்சிவிட்டது. பைப்பை மறுபடி கொதிநீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் முன்பிருந்த உருவத்துக்கே கிட்டத்தட்டத் திரும்பிவிட்டது. பிவிசியின் இந்த குணம் எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று, தப்பாகப் போனாலும் துண்டு வீணாவதில்லை.

அடுத்த முறை நட்டையும் சேர்த்துக் கொதிக்கவிட்டேன். இடுக்கியால் எடுத்து, தேங்காய் எண்ணெய் தடவி, மரக்கட்டை மேல் வைத்து, கனமான கையுறையோடு பைப்பை நேராக அழுத்தினேன். முழுசாக ஏறியது. உடனே பச்சைத் தண்ணீரில் முக்கி இறுகவிட்டு, மறுமுனை வழியாகக் கம்பி விட்டுத் தட்டியதும் நட்டு வெளியே வந்து விழுந்தது. உள்ளே ஆறு பக்கமும் அச்சு வார்த்ததுபோல் இருந்தது. ஒரு அடி நீளத்தில் அறுத்து, கீழ் முனையில் குறுக்கே துளை போட்டு, திருப்புவதற்கு ஸ்க்ரூ டிரைவரை அதில் நுழைத்தேன்.

அன்றே மாட்டித் திருப்பினேன். நட்டு அசையவில்லை, சாக்கெட்தான் விரிந்து வழுக்கியது. பல வருட உப்பு அப்படியே சிமென்ட்டாகப் பிடித்திருக்கிறது. வினிகரில் நனைத்த துணியை நட்டைச் சுற்றிக் கட்டி, மேலே பிளாஸ்டிக் கவர் சுற்றினேன். பழைய டேப் என்பதால் ராத்திரி முழுக்க விட்டேன். நல்ல டேப்பாக இருந்தால் அரை மணிக்கு மேல் வைக்காதீர்கள், பளபளப்புப் பூச்சு மங்கிவிடும். சாக்கெட்டை மறுபடி கொதிக்க வைத்து நட்டில் ஏற்றிச் சரிசெய்தேன். விரியாமல் இருக்க வெளிப்பக்கம் ஒரு ஹோஸ் கிளிப்பையும் இறுக்கினேன்.

மூன்றாம் ஞாயிறு காலை, திருப்பிய மூன்றாவது தடவையில் 'கிர்' என்று ஒரு சத்தம். அப்புறம் விரலாலேயே கழன்று வந்தது.

கழிவுப் பைப்பின் பழைய வளைவையும் அன்றே மாற்றினேன். சுவரோடு ஒட்டி இருப்பதால் ஹாக்சா பிளேடு போகாது. பைப்புக்குப் பின்னால் நைலான் கயிறு ஒன்றை விட்டு, இரண்டு கையாலும் மாறி மாறி இழுத்தால், உராயும் சூட்டிலேயே பிவிசி அறுந்துவிடும். நைலான் உருக 200 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் கயிறு தாங்குகிறது. கயிற்றின் ஒரே இடம் படாதபடி நீளமாக இழுக்க வேண்டும். எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

புது டேப்பை அதே சாக்கெட்டால் இறுக்கி, ஹோஸை மாட்டி, அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுப் படுத்தேன். காலையில் முதல் வேலையாகக் குனிந்து தொட்டுப் பார்த்தேன். கழிவுப் பைப்புக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு ஈரம். நட்டுக்கு நேர் கீழே தாள் மொரமொரவென்று காய்ந்திருந்தது. கழிவுப் பைப்பின் வாசரை மாற்றிப் போட்டேன், அடுத்த நாள் அந்த இடமும் காய்ந்துவிட்டது.