தோளுக்குப் பின்னால் பார்க்கும் பெடியன்

அந்தப் பெடியனைப் பற்றி நான் முதலில் எழுதிய அறிக்கை நான்கே வரி. "சறுக்கல் பரவாயில்லை. பாஸ் ஒழுங்காகப் போகிறது. ஷொட்டில் பலம் இல்லை. தனியாகக் கண்ணில் படுகிற எதுவும் இல்லை." ஒக்டோபர் மாதம், கனடாவின் ஒஷாவாவில் நடந்த ஐஸ் ஹொக்கி மாட்ச். பந்துக்குப் பதில் பக் என்ற ரப்பர் வட்டை ஸ்டிக்கால் தட்டி விளையாடுவது. அரங்கின் மேல்வரிசையில் இருந்து பார்த்தேன். மறுநாள் காலை, இளம் வீரர்களைப் பார்த்துக் கணிக்கும் எங்கள் குழுவின் தலைமை ஸ்கவுட் அழைத்தார். "அவன் பக்கைத் தொடுவதற்கு முந்தின இரண்டு செக்கன் என்ன செய்தான்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மூன்று பீரியடும் பக் போன இடமெல்லாம் என் கண்ணும் போயிருந்தது. அவனை நான் பார்க்கவே இல்லை.

அவனைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த அந்த ஒரு பருவத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவன் இன்னும் இளம் ஆள். அதனால் அவன் பெயரையும் அணியையும், நான் யாருக்காகப் பார்த்தேன் என்பதையும் விட்டுவிடுகிறேன்.

நான் பகுதிநேர ஸ்கவுட். பகலில் வேறு வேலை. ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஸ்காபரோவில் ஒரு திறந்தவெளி ரிங்கில் இரவல் சப்பாத்தோடு சறுக்கப் பழகியவன். பெரிய அளவில் விளையாடவில்லை. ஆனால் இந்த விளையாட்டை விட்டு விலகியதும் இல்லை. இளம் வீரர்கள் விளையாடும் ஒன்ராறியோ ஹொக்கி லீக்கில் 20 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் பருவத்தில் 68 மாட்ச். அதில் ஒரு பகுதி என் பொறுப்பு. வெள்ளி இரவு, சனி இரவு, ஞாயிறு பின்னேரம் என்று ஏதாவது ஓர் அரங்கில் இருப்பேன்.

என்.எச்.எல். என்பது வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை ஹொக்கி லீக். இளம் வீரர்களை முறைவைத்து எடுக்கும் அதன் டிராஃப்டில் 32 அணிகள் ஏழு சுற்றுகளில் மொத்தம் 224 பேரைத் தெரிவு செய்கின்றன. அந்த ஆண்டு செப்டெம்பர் 15-க்குள் 18 வயது நிறைந்திருந்தால்தான் பெயர் வரும். அந்தத் தேதிக்கு ஒரு நாள் பிந்திப் பிறந்தவன் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். எங்கள் பெடியன் பிறந்தது ஓகஸ்ட் கடைசியில். அவனோடு ஒரே பட்டியலில் இருந்தவர்களில் சிலர் அவனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவர்கள். 17 வயதில் ஒரு வயது என்பது சின்ன விஷயம் இல்லை. தோள் அகலமாகும், தொடை இறுகும், ரிங்கைச் சுற்றியுள்ள போர்ட்ஸ் என்ற தடுப்புச் சுவரின் ஓரத்தில் மோதும்போது யார் விழுவார் என்பதே மாறிவிடும். ஆறு அடி உயரம் இருந்தும் 170 பவுண்டைத் தாண்டாத அவனை, தாடி முளைத்தவர்களோடு நிறுத்தி அளந்ததுதான் நான் ஒக்டோபரில் செய்த இரண்டாவது பிழை.

டிஃபென்ஸ் விளையாடுகிறவனை 17 வயதில் கணிப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்குப் பழைய பட்டியல்களே சாட்சி. நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோமை டெட்ராய்ட் 1989-இல் 53-ஆவதாகத்தான் எடுத்தது. பிறகு சிறந்த டிஃபென்ஸ் வீரருக்கான நோரிஸ் விருது அவருக்கு ஏழு முறை கிடைத்தது. ஸ்டெனோ ஷாரா 56-ஆவது, டங்கன் கீத் 54-ஆவது, ரொறன்ரோவில் பிறந்த பி.கே. சுபான் 43-ஆவது. மார்க் ஜோர்டானோவும் ரொறன்ரோக்காரர்தான். ஓவன் சவுண்டில் இதே லீக்கில் விளையாடினார். டிராஃப்டில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. 2019-இல் நோரிஸ் அவர் கைக்கு வந்தது. இவர்களைப் பார்த்தவர்கள் எல்லாம் குருடர்கள் இல்லை. கோல் போடுகிறவனின் திறமை ஒரு மாட்ச்சிலேயே வெளியில் தெரியும். டிஃபென்ஸ் வீரனின் நல்ல வேலை பெரும்பாலும் நடக்காமல் போன ஒன்றாக இருக்கும். எதிரணிக்குக் கிடைக்காமல் போன வாய்ப்பை எந்தக் கணக்குப் புத்தகமும் எழுதி வைப்பதில்லை.

நவம்பரில் இருந்து நான் இடத்தை மாற்றினேன். மேல்வரிசையை விட்டு, கோலுக்குப் பின்பக்க மூலையில், கண்ணாடிக்குக் கிட்ட நின்றேன். அங்கிருந்து முழு ஆட்டமும் தெரியாது. ஆனால் பக்கைத் தேடித் தன் மூலைக்கு ஓடி வருகிற டிஃபென்ஸ் வீரனின் முகம் தெரியும். எனக்கு வேண்டியது அதுதான்.

எதிரணி பக்கை ஆழமாகத் தட்டிவிடும். நம் ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு அதை எடுக்கப் போக வேண்டும். பின்னால் ஒருவன் முழு வேகத்தில் துரத்தி வருகிறான். அந்த ஓட்டத்தில் அவன் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறானா, எத்தனை தடவை பார்க்கிறான் என்பதை எண்ணத் தொடங்கினேன். அநேகமான பெடியன்கள் ஒரு தடவை பார்ப்பார்கள், சிலர் பார்ப்பதே இல்லை. இவன் இரண்டு தடவை பார்த்தான். முதல் தடவை துரத்துகிறவன் எந்தப் பக்கத்தால் வருகிறான் என்று, இரண்டாவது தடவை தன் கூட்டாளி எங்கே நிற்கிறான் என்று. பக்கைத் தொடும்போது முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். இடது தோளைச் சற்றே சாய்த்துத் துரத்துகிறவனை அந்தப் பக்கம் இழுப்பான், பக் வலப்பக்கம் போய்விடும். மோதல் நடக்காது. மேலே இருந்து பார்த்தபோது "பாஸ் ஒழுங்காகப் போகிறது" என்று நான் எழுதியது இதைத்தான். அந்தப் பாஸ் எப்படி அவ்வளவு சுலபமாகப் போனது என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு இடைவெளி. எதிரணி ஆள் பக்கோடு வரும்போது டிஃபென்ஸ் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே தூரத்தைக் காக்க வேண்டும். அதிகம் விட்டால், நம் பகுதி தொடங்கும் நீலக்கோட்டை இனாமாகக் கொடுத்த மாதிரி. மிக நெருங்கினால் ஒரு வெட்டில் தாண்டிப் போய்விடுவான். இவன் ஒரு ஸ்டிக் நீளத்துக்குள் வைத்திருந்தான், ஸ்டிக்கின் நுனி எப்போதும் பனியில். ஆளை அடிக்க அவசரப்படாமல், அவனை மெல்ல மெல்லப் போர்ட்ஸ் பக்கம் தள்ளிக்கொண்டு போவான்.

ஜனவரியில் அவர்கள் சட்பரிக்கு விளையாடப் போனார்கள். ரொறன்ரோவிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் வடக்கே. அந்த வழியில் பாரி சவுண்ட் வரும், பொபி ஓர் பிறந்த ஊர். டிஃபென்ஸ் வீரராக இருந்துகொண்டு, ஒரு பருவத்தில் என்.எச்.எல். முழுவதிலுமே அதிகப் புள்ளி எடுத்த ஒரே ஆள் அவர். 1970-இல் ஒரு தடவை, 1975-இல் இன்னொரு தடவை. 1961-இல் கனனோக்வேயில் நடந்த சிறுவர் போட்டிக்கு பொஸ்டன் ப்ரூயின்ஸ் ஆட்கள் போனது வேறு இரண்டு பெடியன்களைப் பார்க்கத்தான். கண்ணில் பட்டது ஓர். அந்த ஊர்ப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதை ஞாபகம் வரும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும். பார்க்கப் போனவனை மட்டும் பார்த்துவிட்டு வருகிற ஆளாக நான் இருந்துவிடக் கூடாது.

சட்பரி அரங்கில் உள்ளூர் அணி கோல் போட்டால், பதப்படுத்திய ஓநாய் ஒன்று கம்பியில் வெளியே வந்து ஊளையிடும். அன்று இரண்டாவது பீரியடில் அது ஊளையிட்டதற்குக் காரணம் எங்கள் பெடியன். பக்கை எடுக்கப் போனவன் அந்த ஒரு தடவை திரும்பிப் பார்க்கவில்லை. துரத்தி வந்தவன் கையில் பக், இரண்டு செக்கனில் கோல். அரங்கமே எழுந்து கத்தியது. நான் பக்கை விட்டுவிட்டு பெஞ்சைப் பார்த்தேன். அவன் ஸ்டிக்கை அடிக்கவில்லை, தலையைக் குனியவில்லை. கோச் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான், அவர் தலையாட்டினார். அடுத்த ஷிஃப்டிலேயே, அதாவது ஆட்களை மாற்றி இறக்கும் அடுத்த முறையிலேயே, அவனை அனுப்பினார். முதல் பக் அவன் மூலைக்கே வந்தது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். அன்றிரவு ஹோட்டல் அறையில் இரண்டு பக்கம் எழுதினேன்.

இந்த லீக் பெடியன்கள் வீட்டை விட்டு வந்து, உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்குவார்கள். அணியின் அனுமதி வாங்கிக்கொண்டு அவன் தங்கியிருந்த வீட்டுக்காரப் பெண்மணியோடு பேசினேன். நல்ல பிள்ளை, சாப்பாட்டுத் தட்டைத் தானே கழுவி வைப்பான் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, மாட்ச் முடிந்த இரவுகளில் அவன் தூங்குவதில்லை, விடியப்புறம் இரண்டு மணிக்கும் சமையலறையில் வெளிச்சம் எரியும் என்றார். அவன் தகப்பன் இரவில் லொறி ஓட்டுகிறவர். அவருக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்துக்காகக் காத்திருந்து பேசிவிட்டுத்தான் படுப்பானாம். இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதினேன். எடை ஏற வேண்டிய பெடியனுக்குத் தூக்கம் பெரிய விஷயம். அதே பந்தியில், தகப்பனோடு பேசாமல் படுக்காதவன் என்பதையும் எழுதினேன்.

பருவ நடுவில் நடந்த கூட்டத்தில் அவன் பெயரை இரண்டாம் சுற்றுக்கு நகர்த்தும்படி கேட்டேன். எதிர்ப்பு வந்தது. எல்லா லீக்குகளையும் சுற்றிப் பார்க்கிற மூத்த ஸ்கவுட் ஒருவர், "அவன் வலப்பக்கம் திரும்பும்போது ஒரு அடி அதிகம் வைக்கிறான், பார்த்தாயா?" என்றார். பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து வீடியோவை ஓட்டினால், அவர் சொன்னது சரி. இடப்பக்கம் இடுப்பைத் திறந்து ஒரே அசைவில் திரும்புகிறவன், வலப்பக்கம் என்றால் குட்டி அடி ஒன்றை நடுவில் வைக்கிறான். வேகமான ஆள் அந்தப் பக்கத்தால் வந்தால் அந்த ஒரு அடியில் தாண்டிவிடலாம். நான் விரும்பிய பெடியன் என்பதால் என் கண் அதை விட்டிருக்கிறது. இந்த வேலையில் எனக்கு மிகவும் உதவியவர் என்னோடு முரண்பட்ட அந்த மனிதர்தான். அன்றிலிருந்து பிளே-ஓஃப் முடியும் வரை அந்த வலப்பக்கத் திருப்பத்தைத் தனியாகக் குறித்தேன். மார்ச்சில் கொஞ்சம் குறைந்தது, ஏப்ரலில் இன்னும் கொஞ்சம். சறுக்கல் பயிற்சியாளர் ஒருவரோடு காலையில் தனியாக உழைக்கிறான் என்று பிறகு தெரிந்தது.

கடைசிக் கூட்டத்துக்கு 14 வீடியோத் துண்டுகள் கொண்டு போனேன். ஒன்றில்கூடக் கோல் இல்லை. எல்லாமே அவன் மூலைக்கு ஓடிப்போய் பக்கை எடுப்பது. 15-ஆவதாக சட்பரியில் அவன் செய்த பிழையையும் போட்டேன். மூத்தவர் அந்த வலப்பக்கத் திருப்பத்தைப் பற்றி என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார், பிறகு மறுப்பேதும் சொல்லவில்லை. அவன் பெயர் எங்கள் பட்டியலில் இரண்டாம் சுற்றுக்குள் ஏறியது.

ஜூன் தொடக்கத்தில் பஃபலோவில் கம்பைன், டிராஃப்டுக்கு முன் பெடியன்களுக்கு நடக்கும் உடற்சோதனையும் நேர்காணலும். ரொறன்ரோவிலிருந்து 160 கிலோமீட்டர் அளவுதான் என்பதால் நேர்காணலுக்கு என்னையும் வரச் சொன்னார்கள். உடற்சோதனையில் அவன் நடுத்தரம். அந்த 30 செக்கன் சைக்கிள் சோதனை முடிந்ததும் எல்லாரையும் போலக் கால் நடுங்க இறங்கினான். நேர்காணலில் தலைமை ஸ்கவுட் சட்பரிக் கோலைப் பற்றிக் கேட்டார். சுற்றிவளைக்காமல் அவன் சொன்னான்: "திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டாளி கத்தினார், எனக்குக் கேட்டது. நேரம் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்." அன்று பெஞ்சில் கோச்சிடம் என்ன சொன்னாய் என்று நான் கேட்டேன். "அந்தப் பக்கத்துக்கே திரும்ப அனுப்புங்கள் என்று சொன்னேன்" என்றான். தலைமை ஸ்கவுட் குனிந்து எழுதிக்கொண்டார்.

டிராஃப்டின் இரண்டாம் நாளில்தான் இரண்டாம் சுற்று தொடங்கும். பகுதிநேரக்காரனுக்கு மேசையில் இடமில்லை. அம்மாவோடு வீட்டில் இருந்து தொலைக்காட்சியில் பார்த்தேன். எங்கள் முறைக்கு இன்னும் மூன்று பெயர் இருக்கும்போது வேறொரு அணி அவன் பெயரை வாசித்தது. கொஞ்ச நேரம் என்னால் பேச முடியவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்து, "ஏன் தம்பி, அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லையோ?" என்று கேட்டார்.

"கிடைச்சிட்டுது அம்மா" என்றேன்.

திரையில் அவன் தகப்பனைக் காட்டினார்கள். சேட்டின் மேல் பொத்தான் வரை பூட்டியிருந்தார். மகனைக் கட்டிப்பிடித்தவர் விடவில்லை.