வீக்கம் ஒன்று, காரணம் பல

மார்ச் 4, திங்கள்

நைட் டியூட்டி முடித்து நேராக வகுப்பு. பாடமே நடத்தவில்லை. பிரச்சினைவழிக் கற்றலாம்: ஒரு பிரச்சினையைக் கொடுத்துவிடுவார்கள், விடையை நாங்களே தேட வேண்டும். கையில் நோயாளி பற்றிய ஒரு தாள் மட்டும்: 68 வயது அம்மா, இரண்டு கணுக்காலும் வீக்கம், விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. நாங்கள் எட்டுப் பேர். டியூட்டரிடம் எதைக் கேட்டாலும் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்கிறார். இதற்கா கட்டணம் கட்டினேன்?

மதுரையில் மேடம் சொல்லச் சொல்ல எழுதிப் படித்தவள் நான். இதயம், சிறுநீரகம், கல்லீரல், புரதக் குறைவு, சிரை, மருந்து. தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். பலகையில் அந்த ஆறையும் எழுதியது நான்தான். கடைசியை எழுதியதும் மறந்துவிட்டு, எல்லாரோடும் சேர்ந்து ஒரு மணி நேரம் இதயத்தையே சுற்றியதும் நான்தான்.

மார்ச் 7, வியாழன்

இரண்டாவது தாள் வந்தது. இதயம் சரி, சிறுநீரகம் சரி. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 10 மி.கி. அட!

அந்த மாத்திரை சிறு தமனிகளை விரிக்கும், சிரைகளை அவ்வளவாக விரிக்காது. இரண்டுக்கும் நடுவே உள்ள தந்துகி என்ற மெல்லிய குழாயில் அழுத்தம் ஏறி நீர் கசிகிறது. அதனால்தான் நீர் மாத்திரைக்கும் வீக்கம் அவ்வளவாக மசியாது. இது இனி மறக்காது.

ரயிலில் படித்தேன்: இந்தப் பிரச்சினைவழிக் கற்றல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1969இல் தொடங்கிய முறையாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1993இல் வந்த தொகுப்பாய்வுகளின்படி, இப்படிப் படித்தவர்கள் நோயாளியைக் கவனிப்பதில் கொஞ்சம் தேறுகிறார்கள். அடிப்படை அறிவியல் தேர்வில் விரிவுரை கேட்டவர்கள் சற்று முன்னே. சரிதான். அந்த ஆறு சொற்கள் இல்லாத சின்னப் பிள்ளைகள் திங்களன்று திணறியதைப் பார்த்தேனே.

இங்கே சிங்கப்பூரில் ரிபப்ளிக் பாலிடெக்னிக்கில் படித்த அண்ணன் மகளிடம் புலம்பினேன். "எங்களுக்கு தினமும் ஒரு பிரச்சினை அத்தை" என்று சிரித்தாள்.

மார்ச் 10, ஞாயிறு

தேக்காவில் மீன் வாங்கிக்கொண்டு ஈசூனில் பெரியம்மா வீடு. காலுறையைக் கழற்றியபோது ரப்பர் தடம் பள்ளமாக இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். குழி. மாத்திரை டப்பாவைத் திறந்தேன். அதே பெயர்.

"எப்போலேர்ந்து பெரியம்மா?"

"சீனப் புத்தாண்டுக்கு அப்புறம் டோஸ் கூட்டினாங்க."

"காலு?"

"அது வயசும்மா."

நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். புதன்கிழமை எனக்கு ஆஃப். பாலிகிளினிக்குக்கு, அதாவது அரசு மருந்தகத்துக்கு, கூட்டிப் போகிறேன். இதயம், சிறுநீரகமும் பார்க்கச் சொல்ல வேண்டும்.